மூக்கா, மோக்கா?

ப.கி., திண்டுக்கல்
பழைய பாட்டைக் கேட்டதுமே 'இது இந்த சிந்தசைசர்' என்று சொல்ல என்ன தகுதி வேண்டும்?

பாதி காது, பாதி காலண்டர். 1978-ல் வந்த ரிக்கார்டில் 'யமஹா டிஎக்ஸ்-7' கேட்கிறது என்று யாராவது சத்தியம் செய்தால் மறுத்துப் பேசாதீர்கள். முதலில் பந்தயம் கட்டுங்கள். அந்த மெஷின் பிறந்ததே 1983-ல்தான் என்பதைப் பிறகு சொல்லுங்கள். காபி, டிபன் செலவு அவருடையது.

ஒரு கல்லூரி மாணவி, கும்பகோணம்
'Moog' சிந்தசைசரை 'மூக்' என்பதா, 'மோக்' என்பதா?

கண்டுபிடித்த ராபர்ட் மோக், தன் பெயரை 'மோக்' என்றுதான் சொல்லிக்கொண்டார். 'மோகம்' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துங்கள், சரியாக வரும். 'மூக்' என்பவர்களையும் மன்னிக்கலாம். பழைய மெஷினின் விலையைக் கேட்டால் எல்லோருடைய விரலும் அங்கேதான் போகிறது.

எஸ்.வி., தூத்துக்குடி
'பிளேட் ரன்னர்' படத்தில் ஒரு டிரம்பெட் விம்மி விம்மி அழுகிறதே, வாசித்தவர் யார்?

டிரம்பெட்டே இல்லை. 1982-ல் இசையமைப்பாளர் வாங்கெலிஸ் கைவைத்த யமஹா சிஎஸ்-80 சிந்தசைசர். ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம். கட்டையை அழுத்திய பிறகும் இன்னும் கொஞ்சம் அழுத்தினால், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் தனியாக விம்மும். பக்கத்தில் ஒரு பட்டை. அதில் விரலை இழுத்தால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். கமகம் பழகிய கீபோர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 100 கிலோ. அழுவது வாத்தியமாகவும் இருக்கலாம், அதை மாடிக்குத் தூக்கியவராகவும் இருக்கலாம்.

ஆர்.ஜெ., நாகர்கோவில்
காதால் மட்டும் அனலாக் சிந்தசைசரை எப்படி அடையாளம் காண்பது?

சுருதி ஆணி அடித்த மாதிரி நிற்காது. உள்ளே சூடு ஏற ஏற, ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர்கள் இம்மி இம்மியாக நகரும். மினிமோகில் மூன்று ஆசிலேட்டர். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சுருதி. அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் சுகமே இருக்கிறது. கூட்டுக் குடும்பம் மாதிரி: ஒத்துப்போவதாகத்தான் வெளியே சொல்வார்கள், உள்ளே லேசாக உரசும், அதனாலேயே வீடு நிறைந்திருக்கும்.

ம.தி., சேலம்
'தி ஹூ' குழுவின் 'பாபா ஓ'ரைலி' ஆரம்பத்தில் சுழன்று சுழன்று வருவது என்ன சிந்தசைசர்?

சிந்தசைசரே இல்லை! பெரிய பெரிய ஆசாமிகளும் சறுக்கி விழுந்த படிக்கட்டு இது. அது லௌரி ஆர்கன். வீட்டு ஹாலில் வைத்து வாசிக்கிற ரகம். 'மாரிம்பா ரிபீட்' என்ற வசதியைத் தட்டிவிட்டால் கை சும்மா இருக்க, ஸ்வரம் தானே துள்ளும். 1971-ல் வந்த அதே ஆல்பத்தில் 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' பாட்டுக்கு அந்த ஆர்கனை இஎம்எஸ் விசிஎஸ்-3 என்ற சிந்தசைசர் வழியாக அனுப்பினார்கள். பிறந்த வீடு ஆர்கன், புகுந்த வீடு சிந்தசைசர்.

லோ.க., ஈரோடு
பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' முகப்பில் வரும் புல்லாங்குழல்?

மெல்லட்ரான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப். அதில் யாரோ எப்போதோ ஊதிவைத்த குழல். சுமார் 8 விநாடி அழுத்தினால் டேப் தீர்ந்து வாய் மூடிக்கொள்ளும். மேடைப் பேச்சாளர்களின் மைக்கில் இதைப் பொருத்தும் யோசனை ஏன் யாருக்கும் வரவில்லை?

'ராத்திரி ரேடியோ', தேனி
'டாக்டர் ஹூ' டைட்டில் இசை எந்த மெஷின்?

கத்தரிக்கோல். 1963-ல் சிந்தசைசர் கடைக்கே வரவில்லை. மெட்டு ரான் கிரெய்னருடையது. பிபிசி ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷயர் என்ற பெண்மணி, சுண்டிய கம்பியையும் சோதனை ஆசிலேட்டரையும் டேப்பில் பிடித்து, வேகத்தை மாற்றி, ஸ்வரம் ஸ்வரமாக வெட்டி ஒட்டினார். திரையில் அவர் பெயர் முதல்முறை வந்தது 2013-ல், அவர் இறந்து 12 வருடம் கழித்து. டேப்பை வெட்டத் தெரிந்தவர் அவர். பெயரை வெட்டத் தெரிந்தவர்கள் மற்றவர்கள்.

ச.மு., விருதுநகர்
'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' படத்தில், கிளைமாக்ஸில் தெரியும் அந்தப் பெரிய மெஷின்தானே வேற்றுக்கிரகக் கப்பலோடு பேசுகிறது?

கண்ணுக்குத் தெரிவது ஏஆர்பி 2500 சிந்தசைசர். முன்னால் உட்கார்ந்து வாசிப்பவர், அதே கம்பெனியின் எஞ்சினியர் ஃபில் டாட்ஸ். மெஷினைப் பொருத்த வந்தவரைப் பிடித்து நடிக்கவைத்துவிட்டார்கள். காதுக்குக் கேட்கும் அந்த உரையாடலோ டூபாவும் ஓபோவும். இரண்டும் வாயால் ஊதுகிறவை. உதடு ஒருவர், குரல் இன்னொருவர். பின்னணிப் பாட்டில் வளர்ந்த நமக்கா இது புதுசு?

அ.பே., மன்னார்குடி
'ஸ்டார் வார்ஸ்' ஆர்2-டி2 ரோபோ பேசுவது?

ஏஆர்பி 2600 பாதி. மீதிப் பாதி, ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் குழந்தை மாதிரி மழலை பேசியது. கொஞ்சுவதற்கு இன்னும் மெஷின் வரவில்லை.

கோ.ந., வேலூர்
1968-ல் 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' ஆல்பத்தில் மோக் மெஷின் கோஷ்டி கானம் பாடுகிறது. அந்தக் கால மெஷினுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தானே வரும்?

சபாஷ், கேள்வி கேட்கத் தெரிந்தவர்! வெண்டி கார்லோஸ் ஒவ்வொரு வரிசையாக வாசித்து டேப்பில் மேல் மேலாக அடுக்கினார். இட்லித் தட்டுக் கணக்கு: ஊற்றுவது ஒரு கரண்டி, இறக்குவது ஒரு பந்தி. 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ரிக்கார்டில் கெட்டியான கார்டு கேட்டால், ஒன்று இந்த அடுக்கு வேலை, இல்லை பக்கத்தில் ஆர்கன் ஒளிந்திருக்கிறது.

இரா., பொள்ளாச்சி
'குவீன்' குழு, 'எங்கள் ரிக்கார்டில் சிந்தசைசர் கிடையாது' என்று அட்டையிலேயே அச்சடித்ததாமே?

ஆமாம், 1970-களில். 1980-ல் 'தி கேம்' ஆல்பத்துக்கு ஓபெர்ஹைம் ஓபி-எக்ஸ் என்ற சிந்தசைசர் வந்து இறங்கியது. மதுவிலக்கு அறிவித்துவிட்டுக் கடை திறப்பதைப் பார்த்த ஊர்க்காரர்கள், இதற்கெல்லாம் அதிரக்கூடாது.

டி.எம்., காஞ்சிபுரம்
டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாட்டில் குரலைத் தவிர எல்லாமே மெஷின்தானே?

ஒன்று தவிர. 1977-ல் மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடர் ஓடவிட்ட மாடுலர் மோக்தான் அந்த பேஸ். ஆனால் 'தும் தும்' என்று இடைவிடாமல் விழும் பேஸ் டிரம், கீத் ஃபோர்சி என்ற மனிதர் காலால் மிதித்தது. இம்மி பிசகாமல் மிதித்ததால் மெஷின் என்றே பெயரெடுத்தார். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு உலகம் கொடுக்கும் பட்டம் எப்போதும் இதுதான்.

ஜா.பீ., ராமநாதபுரம்
மைக்கேல் ஜாக்சன் 'பீட் இட்' பாட்டின் ஆரம்ப மணியோசையும் மினிமோகா?

மினிமோக் வேண்டுமானால் அதே ஆல்பத்தில் 'த்ரில்லர்' பாட்டின் பேஸைக் கேளுங்கள். மணியோசை சின்க்ளேவியர், டிஜிட்டல் ஜாதி. அதிலும் அந்த ஒலி, மெஷினை விற்க வெளியிட்ட விளம்பர ரிக்கார்டிலேயே இருந்தது. ருசி பார்க்கக் கொடுத்த அல்வாவை வைத்தே கல்யாணப் பந்தி முடித்துவிட்டார்கள்.

வெ.சா., மயிலாடுதுறை
இந்தியாவில் இந்த ஜாதி மெஷினை யாருமே தொடவில்லையா?

தொட்டவர் உலகத்தையே முந்தினார். மும்பை சினிமா வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் ஆல்பம் போட்டார். மூன்று மெஷின்: ரோலண்ட் ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303. வாங்க ஆளில்லை. ஐந்து வருடம் கழித்து, சிகாகோக்காரர்கள் அதே டிபி-303-ஐத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்றார்கள், ஊரே ஆடியது. நம் ஆள் அதற்கும் முன்பே ராகங்களைத் திருகியிருந்தார் என்று உலகத்துக்குத் தெரிய இன்னும் பல வருடம் பிடித்தது. முந்திக்கொண்டால் பந்தியில்தான் இடம் கிடைக்கும், சரித்திரத்தில் கிடையாது.

பெயர் வேண்டாம், மதுரை
சிஎஸ்-80 மாதிரியே ஒலிக்கும் சாஃப்ட்வேர் வாங்கினேன். வாசித்தால் வாங்கெலிஸ் வரவில்லை, 'என்ன சத்தம்?' என்று மாமியார்தான் வருகிறார். என்ன தப்பு?

வாங்கெலிஸுக்கு ஸ்வரக்குறிப்பு படிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது. விரலை வைத்தார், விரல் போன பக்கம் போனார். உங்களுக்கு மெஷினின் மாடல் நம்பர் வரை தெரிகிறது. விரலுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. மாமியாரை உட்காரவைத்துத் தினமும் வாசியுங்கள். 'என்ன சத்தம்?' என்பது 'என்ன பாட்டு?' என்று மாறும் நாளில் எனக்கு எழுதுங்கள். அன்றைக்கும் அவர், 'என்ன மெஷின்?' என்று கேட்கமாட்டார்.