அப்பரின் மண்வெட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. சுண்ணாம்புக் கல்லின்மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம். உயரம் வேண்டுமானால் பனையில்தான் ஏறவேண்டும். பனி என்றால் மார்கழிப் பனி. திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாகப் புறப்படுகிற பெடியனைத் தாய் படலையில் மறித்து, "தலையை மூடிக்கொண்டு போ மோனை, தடிமன் பிடிக்கப்போகுது" என்று துவாயைச் சுற்றிவிடுவாள். எங்கள் அனர்த்த முகாமைத்துவம் அத்தோடு முடிந்தது.

இதே ஊர்தான் கோயில் மண்டபத்தில் புராணபடனம் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பயன் சொல்ல, அடியார்களை ஒவ்வொருவராகக் கைலாயத்துக்கு அனுப்பிவைத்தது. 1852இல் நல்லூர் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கியபின் பள்ளிப் பிள்ளைகளும் வழியனுப்ப வந்துவிட்டார்கள். ஒருவராவது "அங்கே பனி சரியுமாமே?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அப்பரைப் பாருங்கள். தள்ளாத வயது. கூட வந்தவர்களைக் காசியில் விட்டுவிட்டுத் தனியே கிளம்புகிறார், சாப்பாடும் இல்லை. பனிமலைக்குத் தனியே போகாதே என்பதுதான் மலையேறிகளுக்குச் சொல்லும் முதற் புத்தி. சரிந்த பனிக்குள் புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் கிண்டி எடுத்தால் ஏறக்குறைய 10 பேரில் 9 பேர் பிழைப்பார்கள். அரைமணி தாண்டினால் பாதிப்பேர்கூடத் தேறமாட்டார்கள். கிண்ட ஆளும் வேண்டும், மண்வெட்டியும் வேண்டும். அப்பரிடம் கோயிலில் புல் செதுக்கும் உழவாரப்படை இருந்தது, சரி. தன்னைத்தானே எப்படிக் கிண்டுவது? பாதம் தேய்ந்து, கையால் நகர்ந்து, கையும் தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் புரண்டு போகிறார். முனிவர் வேடத்தில் சிவனே வந்து, மனிதர் போகிற இடமல்ல, திரும்பு என்கிறார். கிழவர் கேட்டால்தானே! குளத்தில் முழுகச் சொல்லித் திருவையாற்றில் எழுப்பிவிடவேண்டியதாயிற்று. ஹெலிகொப்டர் செலவு மிச்சம்.

விஷயம் தெரிந்தவர் காரைக்கால் அம்மையார்தான். 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவில் புதுப்பனி படலமாக ஏறிக் கிடக்கையில், ஆட்கள் அகப்படும் சரிவுகளில் அதைப் பெரும்பாலும் சரியவைப்பது மிதிக்கிற ஆளின் பாரமே. அம்மையாரோ தசையெல்லாம் முன்கூட்டியே உதறிவிட்டு எலும்போடு போனவர். தலையால் நடந்தது பக்திதான், மறுக்கவில்லை; கால்விரல் விறைக்காமல் தப்பியதையும் சொல்லத்தானே வேண்டும். சுந்தரர் வெள்ளை யானையில் போனார். நல்லவேளை, அது ஆகாய மார்க்கம்.

கந்தபுராணத்திலோ மலையே சண்டியன். வழி இருப்பதுபோல் காட்டி ஆளை உள்ளே இழுத்துச் சுற்றவைப்பது கிரவுஞ்சத்தின் தொழில். அகத்தியர் அகப்பட்டு, ஆத்திரத்தில் தடியால் குத்தித் துளைபோட்டு, சாபமும் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கலாம். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்கவேண்டும் என்பது விதி; முருகனின் தளபதி வீரவாகுவோ அசுரன் தாரகனைத் துரத்திக்கொண்டு படையோடு உள்ளே போய் மயங்கி விழுந்தார். முருகன் வேலை எறிந்து மலையைப் பிளந்து அத்தனை பேரையும் மீட்டார்.

இன்றைய மீட்புப் படையினரும் நீண்ட கம்பியால் பனியைக் குத்திக் குத்தி ஆளைத் தேடுகிறார்கள். அவர்களுக்குக் கம்பி, மண்வெட்டி, புதைந்தாலும் சமிக்ஞை அனுப்பவும் பிடிக்கவும் வல்ல கருவி என மூன்றும் வேண்டும். எங்கள் கம்பி, அந்த வேல், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மூலஸ்தானத்தில் பூசை தவறாமல் இருக்கிறது. மண்வெட்டியை அப்பரிடம் இரவல் வாங்கலாம். சமிக்ஞைக்கு நாரதர் போதும், கேட்காமலே சொல்லுவார்.