கிளிமூக்குக்கு விலை லட்சம்

நாய்க்குக் குலம் கோத்திரம் பார்ப்பதில் ராஜபாளையத்தை மிஞ்ச ஆளில்லை. அந்த ஊர் நாய் 2005-இல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. இப்போது அசில் கோழியின் முறை. கிளிமூக்கு விசிறிவால் சேவல் என்றால் நல்லதுக்கு லட்ச ரூபாயும் கேட்கிறார்கள். மூக்கு வளைந்திருக்க வேண்டும், வால் தரையைப் பெருக்க வேண்டும். சண்டைக்கென்றே பிறந்த இனம்; இன்றைக்கோ வாலில் ஒரு இறகு ஒடிந்தால் முதலாளிக்குத் தூக்கம் போச்சு. பாதாம், அவித்த முட்டை (ஆமாம், முட்டைதான்) என்று தினமும் உபசாரம்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்கிளியை அன்றாடம் இலையாலும் மாதுளம்பூவாலும் கட்டி முடித்துவிடுகிறார்கள். சேவலுக்கு அந்த மூக்கு வரவோ தலைமுறை தலைமுறையாக ஜோடி பார்க்க வேண்டும். பெட்டைக்குத் தாய்வழி, தகப்பன்வழி எல்லாம் விசாரிப்பார்கள். இத்தனைக்கும் அது இடும் முட்டை கொஞ்சம்தான்.

இந்த அசிலின் பங்காளிகள் 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி, இங்கிலாந்தில் கார்னிஷ் இனம் உருவாக ரத்தம் கொடுத்தன. அந்தக் கார்னிஷ் வழி வந்த பேரன்தான் முக்குக் கடையில் கிலோக் கணக்கில் தொங்கும் பிராய்லர். சேவல்காரரிடம் இந்த உறவைச் சொல்லிப் பாருங்கள். "அந்தச் சம்பந்தமெல்லாம் நமக்கு வேண்டாம்ணே" என்பார்.