ஒரு படிவம், மூன்று குடும்பங்கள்

கேள்வி: பிரதேச செயலகப் படிவத்தில் சிங்களத்தில் ‘நம’, ஆங்கிலத்தில் ‘நேம்’ என்றிருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல்லா?
– வாசகர் ஒருவர், கல்முனை

பதில்: இல்லை. அவன் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே இரண்டும் சொந்தக்காரர்கள். சமஸ்கிருத ‘நாமன்’, பாரசீக ‘நாம்’, லத்தீன் ‘நோமென்’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் மூலம் ஒன்றே என்று 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னார். பின்வந்த அறிஞர்கள் அந்த மூலச்சொல்லை ஏறத்தாழ ‘நோமன்’ என மீட்டெடுத்தார்கள். எழுத்தில் எங்கும் கிடைக்காததால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள்.

காதுக்கு ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது; மாற்றம் ஒரே விதியில் நடக்கவேண்டும். ‘பித்ரு’ – ‘ஃபாதர்’, ‘பாத’ – ‘ஃபுட்’: இரண்டிலும் மூலத்தின் ப, ஆங்கிலத்தில் ஃப ஆகிறது.

படிவத்திலுள்ள நம் ‘பெயர்’ திராவிடக் குடும்பம். தெலுங்கில் ‘பேரு’, கன்னடத்தில் ‘ஹெசரு’. பெயர்க் கட்டத்தில் நாம் நிரப்பும் ‘ஃபாத்திமா’வோ செமிட்டியக் குடும்பத்து அரபு. ஒரே வரியில் மூன்று மொழிக் குடும்பங்கள்! இத்தனை செல்வம் கையிலிருக்கும் ஊரில், பிள்ளைகளுக்குச் சிங்களத்தையும் அரபையும் தமிழோடு சேர்த்து ஆசையாய்ச் சொல்லிக்கொடுங்கள்.