சும்மாவியல்: சர்வர் உறக்கம் குறித்த நூற்பாவும் உரையும்

பாயிரம்

வேலை செய்வது எப்படி என்று சொல்லும் நூல்கள் மலிந்து கிடக்கின்றன. வேலை இல்லாதபோது எப்படி இருப்பது என்பதற்கு லினக்ஸ் கெர்னலில் ஒரு தனி இயலே உண்டு. பெயர் 'சிபியு ஐடில்'. அதற்கு உரை காணப் புகுந்த யாம், களஆய்வுக்கு வரதய்யபாளையத்து ஷேர் ஆட்டோக்களைக் கொண்டோம். என்னை? ஸ்ரீசிட்டி தொழில் நகரின் ஒரு பகுதி அவ்வூரின் மண்டலத்தில் அடங்கும். ஷிப்ட் விட்டால் சவாரி, விடாதவரை சும்மா.

நூற்பா 1: சும்மா இருத்தலும் பலதிறப் படுமே.

உரை: சவாரி இல்லாத ஆட்டோக்காரர் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கலாம், அணைத்துவிட்டு ஹேண்டில்பாரில் கைவைத்து உட்காரலாம், பின்சீட்டில் காலை நீட்டியும் படுக்கலாம். பிராசசரும் அவ்வாறே. அதன் நிலைகளுள் விழித்திருப்பது சி0. சி1-இல் கோரின், அதாவது பிராசசருக்குள் இருக்கும் கணிப்புக் கருவின், கடிகாரத் துடிப்பு நிற்கும். சி6-இல் கோர் தன் நிலையைப் பத்திரப்படுத்திவிட்டு, மின்னழுத்தத்தையே ஏறக்குறையப் பூஜ்யமாக்கிக்கொள்ளும்.

நூற்பா 2: எழுதற் செலவறிந்து படுத்தல் முறையே.

உரை: ஸ்கைலேக் வகை ஜியான் சர்வருக்குக் கெர்னலில் உள்ள அட்டவணைப்படி, சி1-இலிருந்து எழ 2 மைக்ரோநொடி, சி6-இலிருந்து எழ 133. குறைந்தது 600 மைக்ரோநொடி தூங்கினால்தான் சி6 கட்டுப்படியாகும். துண்டை விரித்துப் படுத்த மறுகணமே 'தடா ஊருக்குப் போகுமா?' என்று ஆள் வந்தால், படுத்ததும் நட்டம், எழுந்ததும் நட்டம்.

தடை: அடுத்த சவாரி எப்போது வரும் என்று யார் கண்டார்?

விடை: யாரும் காணார், ஊகித்தலே வழி. எந்த நிலையில் உறங்குவது என்று முடிவெடுக்கும் கெர்னல் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். 'மெனு' என்னும் கவர்னர் அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்று பார்க்கும். முந்தைய 8 உறக்கங்களின் நீளத்தையும் பார்க்கும். ஒட்டாமல் துருத்தும் கணக்கைத் தள்ளிவிடும். 2019-இல் வந்த 'டியோ' என்னும் மற்றொரு கவர்னரின் மரபினரோ டைமரையே முதற்பிரமாணமாகக் கொள்வர். இரு சாராரும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

நூற்பா 3: உறங்குவான் தன்னை உறக்கமோ என்னேல்.

உரை: முற்காலத்தில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கெர்னல் நொடிக்கு நூறு முதல் ஆயிரம் முறை பிராசசரைத் தட்டி எழுப்பியது. எழுந்தது, வேலை இல்லை என்று கண்டது, மீண்டும் படுத்தது. 2007-இல் 2.6.21 பதிப்பு இவ்வழக்கத்தை ஒழித்தது. சில அலுவலகங்களில் இன்னும் ஒழியவில்லை.

நூற்பா 4: உறங்கா நோன்பு பிறர்க்கும் கேடே.

உரை: பங்கு வணிகச் சர்வர்க்காரருக்கு 133 மைக்ரோநொடி ஒரு யுகம். ஆகவே கெர்னலின் துவக்க வரியில் 'ஐடில்=போல்' (idle=poll) என்று எழுதி எல்லாக் கோர்களையும் கண்விழிக்க வைப்பாரும் உளர். அது பிழை. பக்கத்துக் கோர்கள் ஆழ்ந்து உறங்கி மின்சாரத்தையும் குளிர்ச்சியையும் விட்டுக்கொடுத்தால்தான், உழைக்கும் கோர் டர்போ வேகத்தின் உச்சிக்கு ஏறும். ஆகவே சிலர் தூங்குவது ஒருவர் ஓடுவதற்குச் செய்யும் உதவியே என்க.

புறனடை

ஒவ்வொரு உறக்க நிலைக்கும் கெர்னல் வருகைப்பதிவேடு வைத்திருக்கிறது: எத்தனை முறை படுத்தது, மொத்தம் எத்தனை மைக்ரோநொடி. அதே இடத்தில் 'அபவ்', 'பிலோ' என்று மேலும் இரண்டு கோப்புகள். ஆழமாகப் படுத்து அகாலத்தில் எழுந்தவை முன்னதில். இன்னும் ஆழப் படுத்திருக்கலாமே என்பவை பின்னதில். தன் ஊகம் பொய்த்ததை ஒன்றுவிடாமல் தானே எழுதிவைக்கும் நிர்வாகம் வேறெங்கும் இருப்பின், அதற்கும் உரை எழுத யாம் ஆயத்தம்.