லேபைச் சுமக்கும் மகளுக்காக ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
என் மகள் படிக்கும் பொறியியல் கல்லூரி.

பொருள்: முதலாண்டு மாணவர்களுக்கான லேப்டாப் – நன்றி தெரிவித்தல் மற்றும் சில ஐயங்கள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அட்மிஷன் அன்று தாங்கள் தந்த சுற்றறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு. 'இதற்குக் குறைந்தவை அனுமதிக்கப்பட மாட்டா' என்று கீழே தடித்த எழுத்து. சிவிலுக்கும் பயோடெக்குக்கும் ஒரே பட்டியல். கவுன்சிலிங் சீட்டுக்கும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் இடையே வராத சமத்துவம் லேப்டாப்பிலாவது வந்ததே என்று பூரித்துப் போனோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று 1.3 கிலோ, ஒரு முறை சார்ஜ் போட்டால் காலேஜ் விடும்வரை தாங்கும். இன்னொன்று 2.4 கிலோ, சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல். விலையில் 30,000 ரூபாய் வித்தியாசம். "இதுல என்ன சாஃப்ட்வேர் ஓட்டப் போற பாப்பா?" என்று கேட்டார். "தெரியாது அங்கிள், காலேஜ்ல சொல்லியிருக்காங்க" என்றாள். அந்தக் கேள்வியை அவரைத் தவிர வேறு யாரும் இதுவரை கேட்கவில்லை. தங்கள் உத்தரவுப்படி கனமானதே வீட்டுக்கு வந்தது.

இப்போது இரண்டாம் செமஸ்டர். அந்த இயந்திரம் ஆற்றிவரும் கல்விப் பணியைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

சி மொழிக்கு டர்போ சி போடச் சொன்னீர்கள். போர்லேண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட, டாஸ் காலத்துச் சரக்கு அது. இன்றைய 64-பிட் விண்டோஸில் நேராக ஓடாது. எனவே டாஸ்பாக்ஸ் என்று ஒன்றை நிறுவி, புத்தம் புது ஐ7-ஐப் பழைய கம்ப்யூட்டராக நடிக்க வைத்து, நீலத் திரையில் 'ஹலோ வேர்ல்ட்' வரவழைத்தாள். பிறகு அந்த புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, அடித்தல் திருத்தல் இருந்ததால் இன்னொரு முறையும் எழுதினாள். இந்த இடத்தில் 16 ஜிபி ரேமின் பங்களிப்பு என்ன என்று விளங்கவில்லை.

இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பாடத்துக்கு டிராஃப்டரும் பென்சிலும் சார்ட்டும் கொண்டுவரச் சொன்னீர்கள். டிராஃப்டரில் கிராபிக்ஸ் கார்டை எங்கே செருகுவது என்று தெரிவித்தால் நலம்.

வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு பிளக் பாயின்ட். ஒன்று புரொஜக்டருக்கு. இந்த வகை லேப்டாப்புகள் சார்ஜரைப் பிடுங்கியதும் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் பேட்டரியும் படுத்துவிடும். ஆக, முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய பலம், மதியம் சாப்பாட்டு பெல் அடிப்பதற்கு முன்பே விடைபெற்றுக்கொள்கிறது. அதன் எடை மட்டும் மாலை டவுன் பஸ்ஸில் அவளோடு நின்றுகொண்டே வீடு திரும்புகிறது.

பள்ளிப் பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை. கல்லூரிக்கு வந்ததும் முதுகெலும்பு முதிர்ந்துவிடும் போலும். 46 கிலோ எடையுள்ள என் மகளின் பை, ரெக்கார்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஏழு கிலோ.

'மூன்றாம் ஆண்டில் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் எல்லாம் வருமே' என்பீர்கள். நியாயம்தான், மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு அவை கனமான மென்பொருட்கள். ஆனால் அவை வருவதற்குள் இன்றைய லேப்டாப்பின் ஓராண்டு வாரன்டிக்குத் திதியே கொடுத்துவிடலாம். 'ஏஐ படிக்க வேண்டாமா?' என்றால், கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டையும் ஓரளவுக்கு அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். அதற்கு மேலும் பலம் வேண்டுமென்றால், அது இருக்க வேண்டிய இடம் தங்கள் கம்ப்யூட்டர் லேப். அதற்குத்தான் வருடா வருடம் லேப் ஃபீஸ் கட்டுகிறோம் என்று அப்பாவியாக நம்பிக்கொண்டிருந்தோம்.

ஆகவே, தாழ்மையுடன் கோருவது:

1. எந்தப் பிரிவுக்கு, எந்த செமஸ்டரில், எந்த மென்பொருள் தேவை என்று ஒரே ஒரு பக்கம் அச்சிட்டுத் தரவும். கனமானதா, லேசானதா என்பதைக் கடைக்காரர் துணையோடு நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

2. பெஞ்சுக்கு ஒரு பிளக் பாயின்ட் வைத்துத் தரவும்.

3. இவை இரண்டும் இயலாது எனில், லேப் ஃபீஸை மட்டும் திருப்பித் தரவும். தினமும் லேபைத் தூக்கிக்கொண்டு வருவது என் மகள்தான். வவுச்சரில் 'சுமைகூலி' என்று எழுதிக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதலாண்டு மாணவி ஒருத்தியின் தந்தை

இணைப்பு: சார்ஜர் – 1 (எடை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்)