குமிழின் முரண்டு

கேள்வி: காருடன் வந்த ரேடியோவில் ஒலிக் குமிழைத் திருகினால் கரகரக்கிறது, குறைத்தால் திடீரென அலறுகிறது. ரேடியோவையே மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: திருநெல்வேலி வானொலியார் நிரபராதிகள். ஆடிக் காற்றில் எழும் கரிசல் புழுதியானது, ஏற்றிய கண்ணாடியையும் ஏய்த்து உள்ளே பிரவேசித்து, குமிழின் பின்னாலுள்ள கரித்தடத்தில் படிந்து, அதன்மேல் சஞ்சரிக்கும் உலோக நாக்கின் ஸ்பரிசத்தைத் தடுப்பதே பெரும்பாலும் இந்த உபத்திரவத்துக்குக் காரணம். மின்தொடர்பை நீக்கி, குமிழைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீச்சி, இரு கோடிக்கும் பலமுறை திருகி, நன்கு உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். கடலை மிட்டாய்க்குப் பாகு எப்படியோ, புழுதிக்கு எண்ணெய் அப்படி. குமிழ் முடிவின்றிச் சுற்றும் ஜாதியானால் அதில் கரித்தடமே இராது. அதன் பின்னால் இருப்பது 'என்கோடர்' என்னும் சிறு உறுப்பு. சுத்திகரித்தும் அலறினால், அதை மட்டும் மாற்றினால் போதும். பாட்டரியைக் கழற்றுமுன் ரேடியோவின் ரகசிய எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் மீண்டும் இணைத்ததும் ரேடியோ அதைக் கேட்கும்.