டெண்டரில் ஒரு வரி எழுதியவருக்கு

அனுப்புநர்:
கல்லூரி மாணவன் ஒருவன்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர், சென்னை – 19.

பெறுநர்:
அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு லினக்ஸும் இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதிய உயர்திரு அதிகாரி அவர்கள்.

பொருள்: மேற்படி வரிக்கு நன்றி தெரிவித்தல் – அதற்கு அடுத்த வரியை எழுதக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 2011-ஆம் ஆண்டின் மடிக்கணினித் திட்டம். 2. 2025-ஆம் ஆண்டின் டெண்டர்.

ஐயா,

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் என் அக்காவுக்கும் ஒரு மடிக்கணினி கிடைத்தது. அப்போது அவள் ராயபுரத்தில் ப்ளஸ் டூ. மூடியின் மேல் முதலமைச்சர் படம். உள்ளே விண்டோஸ் 7 ஸ்டார்டர். திரையின் பின்னணிப் படத்தைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்றவிடாத பதிப்பு அது. அதற்குப் பக்கத்தில், தங்கள் ஒற்றை வரியின் புண்ணியத்தில், பாஸ் லினக்ஸ்.

பாஸ் வெளிநாட்டுச் சரக்கு இல்லை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையிலேயே உருவாக்கியது. 2007-இல் வெளிவந்தது. சிடாக் இருக்கும் தரமணியிலிருந்து கிளம்பிய சரக்கு ராயபுரம் வரை ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. வந்து சேர்ந்ததை வைத்து என்ன செய்வது என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சி ஒரே வாக்கியம்: “ஆன் பண்ணும்போது ரெண்டு பேர் வரும், மேல இருக்குறதைத் தொடாதீங்க.”

அவள் தொடவில்லை. தெருக்கோடி சர்வீஸ் கடை அண்ணன் தொட்டார். “இன்னாமா இது, பாஸாம்ல? சும்மா எடத்த அடைச்சிக்கினு கெடக்குது. தூக்கிடவா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூக்கியும் விட்டார். மறுமுறை ஆன் செய்தபோது விண்டோஸும் வரவில்லை. கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டு சொல், பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. எந்த இயங்குதளத்துக்குள் போக வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்கும் க்ரப், தன் கோப்புகளை லினக்ஸ் இருக்கும் பகுதியில்தான் வைத்திருக்கும். அந்தப் பகுதியையே அழித்துவிட்டால் அது விண்டோஸுக்கு எப்படி வழி காட்டும்? அண்ணன் திருட்டு விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்து முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். தமிழ்நாட்டில் எத்தனை கடைகளில் எத்தனை பாஸ் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற கணக்கு தங்கள் கோப்பில் இருக்காது. கோப்பில் ‘வழங்கப்பட்டது’ என்று இருக்கும். அது போதுமே.

பிறகு அக்கா வேலைக்குப் போனாள், மடிக்கணினி என்னிடம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஓர் இயந்திரம் இத்தனை வருஷம் உயிரோடிருப்பதே பெரிய விஷயம். ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி. கீல் துருவேறிவிட்டது, பேட்டரி செத்துவிட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. புது விண்டோஸை இரண்டு ஜிபி ரேம் தாங்காது. கடைசியில் வழி காட்டியது தங்கள் வரிதான். டெபியனை இறக்கிப் போட்டேன்.

போட்டதும் வைஃபை வரவில்லை. வைஃபைக்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்தத் தர்க்கம் அரசு அலுவலகங்களில் ஏறி இறங்கியவர்களுக்குப் புதிதல்ல. செல்போனை யூ.எஸ்.பி. வயரில் செருகி, டெதரிங் போட்டு அந்தச் சுழலை அறுத்தேன். அடுத்து சத்தம் வரவில்லை. ‘ஆல்சா மிக்சர்’ என்று தட்டினால் வரிசையாகக் கம்பங்கள். ஒன்றின் அடியில் ‘எம்எம்’ என்று இருந்தது. ம்யூட். எம் விசையை அழுத்தியதும் பாட்டு வந்தது.

பெரிய சோதனை மின்சாரத்தில் வந்தது. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்கே விளக்கெரிய எங்கள் பக்கம் சாம்பல் கொட்டுகிறது, ஆனால் எங்கள் தெருவில் கரன்ட் போகும். பேட்டரி இல்லாத மடிக்கணினி அப்டேட்டின் நடுவில் அப்படியே அணைந்தது. மறுபடி ஆன் செய்து அப்டேட் கொடுத்தால், மென்பொருள்களை நிறுவும் டிபிகேஜியின் வேலை பாதியில் அறுந்துவிட்டது, நீங்களே ‘சூடோ டிபிகேஜி கான்ஃபிகர்’ கட்டளையைக் கொடுத்து முடியுங்கள் என்று திரையில் வந்தது. ஐயா, நான் அசந்துபோனது இந்த இடத்தில்தான். என்ன கோளாறு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவாகவே, கேட்காமலே, ஒரே வரியில் சொல்லிவிட்டது. “நாளைக்கு வா” என்று சொல்லவில்லை, “அந்த சீட்டுக்காரர் லீவு” என்றும் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் இந்த மரியாதை கிடைக்காது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மென்பொருளை நிறுவ, நிர்வாகி அதிகாரம் கேட்கும் ‘சூடோ’ கட்டளையைப் போட்டேன். நீ அனுமதிப் பட்டியலில் இல்லை, இச்சம்பவம் புகார் செய்யப்படும் என்றது. யாரிடம் என்று லேப் அசிஸ்டென்ட்டைக் கேட்டேன். “ரூட்டுக்கு மெயில் போகும். அதை யாருப்பா படிக்கறா” என்றார். கணினிக்குள்ளும் ஒரு மனுநீதி நாள் நடக்கிறது போலும்.

இனி பாடத்திட்டத்துக்கு வருகிறேன். தங்கள் துறை லினக்ஸ் கொடுத்த அதே காலத்தில், ப்ளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் ஸ்டார் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தது. அதன் விற்பனை நின்றுபோன பிறகும் பிள்ளைகள் பல வருஷம் அதன் மெனுக்களை ஒப்பித்து மதிப்பெண் வாங்கினார்கள். 2018-இல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டு லினக்ஸுக்கு ஒரு பகுதி ஒதுக்கினார்கள், சந்தோஷம். ஆனால் தேர்வுக்கு ஐகான்களின் பெயர் தெரிந்தால் போதும். ஆக, புத்தகத்தில் உபுண்டு, மடிக்கணினியில் பாஸ், ஆய்வகத்தில் விண்டோஸ். மூன்றும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. கேரளத்தில் பள்ளி ஆய்வகமும் லினக்ஸ், பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதே லினக்ஸில்தான். அங்கே ஒரு கடைக்காரர் அதைத் தூக்கினால் பிள்ளையின் மார்க் போய்விடும், அம்மாவே கடைக்கு வந்து சண்டை போடுவார். நம்மிடம் ஆள் இல்லாமலும் இல்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனமே தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. து. நித்யா ‘எளிய தமிழில் ஜிஎன்யு/லினக்ஸ்’ எழுதி இலவச மின்னூலாகவே தந்திருக்கிறார். அதைப் பெட்டியோடு வைத்துக் கொடுக்கத் தங்களுக்கு ஒரு ரூபாய் செலவாகியிருக்காது.

தங்கள் சகாக்கள் அனுப்பும் விண்ணப்பப் படிவம் தனிக் கதை. வேர்டு கோப்பு; அதற்குள் ஏதோ பழைய தமிழ் எழுத்துரு. லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை, நடுநடுவே அரைப்புள்ளி. 1999-இல் தமிழ் 99 விசைப்பலகை, 2010-இல் யூனிகோடுக்கு அரசாணை, எல்லாம் இதே அரசு போட்டதுதான். அரசாணைக்குக் கட்டுப்பட்டு நடப்பது எங்கள் வீட்டு மடிக்கணினி மட்டும் என்று நினைக்கிறேன். அதில் எந்த அரசாணையும் தெளிவாகத் தெரிகிறது, அரசுப் படிவம்தான் தெரிவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு 2025 டெண்டரிலும் அதே வரி: விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நாளை 11-க்கும் ஒரு தேதி குறிப்பார்கள். அன்றைக்கும் இந்த மடிக்கணினிகள் ஓட வேண்டுமென்றால் தங்கள் வரிதான் கைகொடுக்க வேண்டும்.

ஆகவே, ஐயா, அடுத்த வரியையும் எழுதிவிடுங்கள். செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி லினக்ஸில் வரட்டும். பெட்டியோடு தமிழில் ஒரு கையேடு வரட்டும். படிவங்கள் யூனிகோடில் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயனர்.

பி.கு.: இம்மனுவை லிப்ரே ஆஃபீஸ் கோப்பாக இணைத்துள்ளேன். தங்கள் அலுவலகக் கணினியில் திறக்காவிட்டால், தயவுசெய்து ஏதேனும் ஒரு மாணவரின் அரசு மடிக்கணினியில் திறந்து பாருங்கள். தாங்கள் கொடுத்த லினக்ஸ் அதில் இன்னும் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.